சிற்றாற்றங்கரைக் குளிர்காய்ச்சல்

குற்றாலத்தை அடுத்த இலஞ்சியில் என் பெயரைச் சொல்லி வீடு கேட்டால் பாதிப்பேருக்குத் தெரியாது. ‘கொசு பிடிக்கிற சார் வீடு’ என்று கேட்டால் குமாரர் கோயில் பக்கம் விளையாடுகிற பையன்கூடக் கூட்டிக்கொண்டு வந்து விட்டுவிடுவான். சுகாதாரத் துறையில் பூச்சி சேகரிப்பாளர் என்று ஒரு வேலை உண்டு. அதில் சேர்ந்து, அந்த வரிசையிலேயே ஓய்வு பெற்றவன் நான். விடிகிற நேரத்தில் டார்ச் லைட்டும் உறிஞ்சு குழாயுமாக ஊருக்குள் போவோம். மாட்டுத் தொழுவிலும் படுக்கையறையிலும் சுவரில் உட்கார்ந்திருக்கும் கொசுமேல் குழாயின் ஒரு முனையை வைத்து, மறுமுனையை வாயால் இழுக்க வேண்டும். நடுவே வலைத்துணி கட்டியிருக்கும். துணி கிழிந்திருந்தால் என்ன ஆகும் என்பதைச் சொல்லவேண்டாம். பிடித்ததைக் கண்ணாடிக் குழாயில் போட்டுப் பஞ்சடைத்து, எந்த வீடு, எந்த நேரம் என்று எழுதி ஒட்டுவோம். ஓர் ஆள் ஒரு மணி நேரம் தேடினால் எத்தனை கொசு கிடைக்கிறது என்பதுதான் ஊருக்கு ஊர் ஒப்பிடும் கணக்கு.

சிரிப்பாகத்தான் பார்ப்பார்கள். ஆனால் இந்தச் சீமையை ஒரு காலத்தில் சூறையாடிய காய்ச்சலை அடக்கியதில், மருந்துக்கு எத்தனை பங்கோ அத்தனை பங்கு இப்படிச் சுவரையும் வாய்க்காலையும் உற்றுப் பார்த்தவர்களுக்கும் உண்டு. அந்தக் கதையைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

எங்கள் பக்கத்துக் காய்ச்சலுக்குப் பழைய எழுத்துச் சாட்சி ஒன்று இருக்கிறது. 1809, 1810, 1811 ஆகிய மூன்று ஆண்டுகளில் கோயம்புத்தூர், மதுரை, திண்டுக்கல், திருநெல்வேலிச் சீமைகளில் பரவிய காய்ச்சலுக்குக் காரணம் என்ன என்று கண்டறிய, சென்னை அரசாங்கம் ஒரு குழு அமைத்தது. ஐன்ஸ்லி, ஸ்மித், கிறிஸ்டி என்று மூவர். அவர்களுடைய அறிக்கை 1816-ல் லண்டனில் அச்சாயிற்று. இந்த ஐன்ஸ்லிதான் அதற்கு முன்பே, 1813-ல், நம் நாட்டு மருந்துச் சரக்குகளைத் தமிழ்ப் பெயர்களோடு தொகுத்துச் சென்னையில் நூலாக வெளியிட்டவர். குழுவின் அறிக்கைத் தலைப்பில் மருத்துவத்தோடு புவியியலும் வேளாண்மையும் சேர்ந்திருக்கின்றன. ஈரத்திலிருந்தும் காட்டிலிருந்தும் கிளம்பும் கெட்ட ஆவிதான் காய்ச்சலுக்குக் காரணம் என்பது அந்தக் காலத்து வைத்தியம். கொசுவை யாரும் நினைக்கவில்லை. ஆனாலும் காய்ச்சலின் காரணத்தை நோயாளியின் உடம்புக்குள் மட்டும் தேடாமல் மலை, மழை, வயல், தண்ணீர் என்று வெளியே தேடினார்களே, அது பாதிக் கிணறு தாண்டின மாதிரிதான்.

இன்று மலேரியா என்கிற அந்தக் காய்ச்சலுக்கு ஊர் மக்கள் வைத்திருந்த பெயர்கள் குளிர்காய்ச்சல், முறைக்காய்ச்சல், மலைக்காய்ச்சல். ஒருநாள் விட்டு ஒருநாள், வேளை தவறாமல் வரும். முதலில் பல் கிட்டிக்கொள்ளும் குளிர், பிறகு தீயாய்ச் சுடுகிற காய்ச்சல், பிறகு வேர்த்துக் கொட்டி விடும். அடிக்கடி வந்த பிள்ளைகளுக்கு மண்ணீரல் வீங்கி இடதுபக்க விலாவுக்குக் கீழே தட்டுப்படும். எங்கள் ஆச்சி அதை ‘வயித்துல கட்டி’ என்பாள். பிற்காலத்தில் மலேரியா ஆய்வாளர்கள் ஓர் ஊரில் நோய் எவ்வளவு என்று அளக்கப் பள்ளிக்கூடப் பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி அதே இடத்தைத்தான் விரலால் தடவிப் பார்த்தார்கள். நிலவேம்புக் கஷாயம் வீட்டு மருந்து. 1860-களில் நீலகிரியில் சிங்கோனா பயிராகத் தொடங்கி, நடுவட்டத்தில் அதன் பட்டையிலிருந்து மருந்தெடுக்க ஆரம்பித்த பிறகு கொய்னா வந்தது. தபாலாபீசில் பொட்டலமாக வாங்கலாம். அதன் கசப்பைப் பற்றி ஆச்சி சொல்லும்போதே முகம் கோணும்.

கொசுதான் குற்றவாளி என்று நிரூபித்த ரொனால்ட் ராஸின் பெயர் பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும். 1897 ஆகஸ்ட் 20, செகந்திராபாத். உசேன்கான் என்ற நோயாளியைக் கொசுக்களைக் கடிக்கவிட்டு, கடி ஒன்றுக்கு ஓரணா கொடுத்து, அந்தக் கொசுவின் வயிற்றைக் கீறிப் பார்த்தபோது நோய்க்கிருமி வளர்வதைக் கண்டார். அதே ஆண்டு கோடையில் அவர் விடுப்பில் ஊட்டிக்கு வந்திருந்தது அவ்வளவாகத் தெரியாது. சும்மா இருக்க மாட்டாமல் சீகூர் மலைச்சரிவில் காய்ச்சல் உள்ள தோட்டங்களுக்கு இறங்கிப் போனார். தாமே காய்ச்சலில் விழுந்தார். அதுவரை அவர் வேண்டாத இனக் கொசுக்களைக் கீறிக் கீறி இரண்டு ஆண்டுகளை வீணாக்கியிருந்தார். சிறகில் புள்ளி உள்ள கொசுவின் பக்கம் அவர் திரும்பிய பிறகே விடை கிடைத்தது. எந்தக் கொசு என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

புதிதாக வேலைக்கு வந்தவர்களுக்கு நான் முதலில் காட்டியதும் அதைத்தான். சாதாரணக் கொசு சுவருக்கு இணையாகக் கூன்போட்டு உட்காரும். மலேரியாவைப் பரப்பும் அனாபிலிஸ் தலையைச் சுவரில் ஊன்றிப் பின்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு சாய்வாக நிற்கும். தண்ணீரிலும் வித்தியாசம் உண்டு. மற்றக் கொசுப்புழுக்கள் வாலில் உள்ள மூச்சுக்குழலை மேலே நீட்டித் தலைகீழாகத் தொங்கும். அனாபிலிஸ் புழுவுக்கு அந்தக் குழல் கிடையாது. நீர்மட்டத்தோடு மட்டமாகப் படுத்துக் கிடக்கும். டார்ச் வெளிச்சத்தில் இதைப் பிரித்தறியத் தெரிந்துவிட்டால் வேலையில் பாதி முடிந்தது.

மீதிப் பாதி கடினம். அனாபிலிஸிலேயே இந்தியாவில் ஐம்பதுக்கு மேற்பட்ட இனங்கள் உண்டு. மலேரியாவைப் பரப்புவது அவற்றில் சிலதான். தொழுவில் அள்ள அள்ளக் கிடைப்பது பெரும்பாலும் சப்பிக்டஸ் என்ற இனம். எங்கள் உள்நாட்டுப் பக்கத்தில் அதை நாங்கள் பொருட்படுத்துவதில்லை. நாட்டுப்புறத்துப் பகை என்றால் அது குலிசிபேசிஸ். பார்க்க ஒன்றுமில்லாத சின்னக் கொசு. அதன் குணத்தைத் தமிழ்நாட்டு மண்ணில் வைத்துத்தான் உலகம் கற்றுக்கொண்டது.

இடம் பட்டுக்கோட்டை. 1934-ல் மேட்டூர் அணை முடிந்து, கல்லணைக் கால்வாய் வழியாகப் புதுத் தண்ணீர் அந்த மேட்டுநிலத்துக்குப் போயிற்று. கூடவே மலேரியாவும் போயிற்று. ராக்பெல்லர் அறக்கட்டளையைச் சேர்ந்த பால் ரஸ்ஸல் அங்கே முகாம் அமைத்தார். அவரோடு வேலை செய்த நம்மவர் டி. ராமச்சந்திர ராவ். பின்னாளில் புனே வைரஸ் ஆய்வு மையத்துக்கு இயக்குநரானவர், இந்திய அனாபிலிஸ் கொசுக்களைப் பற்றிப் பெரிய நூலும் எழுதியவர். இவர்கள் பார்த்த ஒரு விஷயம் எனக்கு மிகவும் பிடித்தமானது. நடவு முடிந்த புது வயலில் குலிசிபேசிஸ் புழு ஏராளம். பயிர் ஓர் அடிக்கு மேல் வளர்ந்ததும் அந்த வயலில் அது இல்லாமல் போகிறது. நிழலினாலா, தண்ணீர் மாறுவதாலா? வயலில் நெல்லுக்குப் பதிலாகக் கண்ணாடிக் குச்சிகளையும் மூங்கில் சிம்புகளையும் நட்டுப் பார்த்தார்கள். அங்கும் முட்டை இல்லை. கண்ணாடிக்கு என்ன நிழல் இருக்கிறது? தண்ணீருக்குச் சில அங்குலம் மேலே பறந்து, ஆடியபடியே முட்டையை உதிர்ப்பது இந்தக் கொசுவின் பழக்கம். குறுக்கே குச்சி நின்றால் ஆட இடமில்லை. வேறு தண்ணீர் தேடிப் போய்விடுகிறது. 1942-ல் இது அச்சில் வந்தது.

இதை நான் படித்தது வேலைக்குச் சேர்ந்து சில காலம் கழித்து. படித்த பிறகு கார் நடவானாலும் பிசான நடவானாலும், இலஞ்சி வயக்காட்டில் கரண்டியால் தண்ணீர் மொண்டு பார்ப்பதில் ஒரு தனி ருசி வந்துவிட்டது. நாற்று பிடுங்கி நட்ட புதிதில் வெள்ளைக் கரண்டியில் மட்டமாகப் படுத்த புழு நெளியும். பயிர் தூர்கட்டி வாய் மூடிய பிறகு கிடைப்பவை வேறு இனங்கள். ஊரில் எந்த வயலை எந்த வாரத்தில் பார்க்க வேண்டும் என்பது அதிலிருந்து தெரிந்துவிடும். மற்ற வாரங்களில் அந்த வயலுக்குப் போவது வீண் நடை.

பட்டுக்கோட்டைப் பக்கத்தில் இன்னொன்றும் செய்தார்கள். சாமந்தி இனப் பூ ஒன்றிலிருந்து எடுக்கும் பைரித்ரம் மருந்தை மண்ணெண்ணெயில் கலந்து வீட்டுக்குள் அடித்து, பறக்கிற கொசுவையே கொன்றார்கள். அதுவரை குளம் குட்டையில் எண்ணெய் ஊற்றுவதும், பாரிஸ் பச்சைப் பொடி தூவுவதும், 1928-ல் இத்தாலியிலிருந்து வந்த கம்பூசியா மீனைக் கிணற்றில் விடுவதுமாகப் புழுவைத்தான் துரத்திக்கொண்டிருந்தார்கள். கிராமத்தில் அத்தனை தண்ணீரையும் எண்ணெயால் மூட எந்த அரசாங்கத்தாலும் முடியாது. வீட்டுச் சுவருக்கு வந்து உட்காருகிற கொசுவை அங்கேயே முடிப்பது மலிவு. டிடிடி என்ற பூச்சிமருந்து வருவதற்குச் சில ஆண்டுகள் முன்பே அந்த யோசனை நம் மண்ணில் சோதிக்கப்பட்டுவிட்டது. 1939-ன் சென்னைப் பொது சுகாதாரச் சட்டத்தில் கொசு ஒழிப்புக்கென்று தனி அத்தியாயம் போட்டதும் இதே காலத்தில்தான்.

இலங்கையைச் சொல்லாமல் இந்தக் கதையை நகர்த்த முடியாது. எங்கள் அம்மை வழியில் ஒருவர் அங்கே கடையில் கணக்கெழுதப் போனவர். 1935-ல் எலும்பும் தோலுமாகத் திரும்பி வந்தார் என்பது குடும்பத்தில் வழங்கும் செய்தி. 1934-ல் தென்மேற்குப் பருவமழை பொய்த்தது. எப்போதும் நுரைத்து ஓடும் மகா ஓயா, களனி போன்ற ஆறுகள் மணலிலும் பாறையிலும் தேங்கிய குட்டைகளாயின. ஓடுகிற வெள்ளத்தில் குலிசிபேசிஸ் புழு அடித்துக்கொண்டு போகும். தேங்கிய தெளிந்த குட்டையில் செழிக்கும். சில மாதங்களில் ஏறத்தாழ 80,000 பேர் மாண்டார்கள். மழை அதிகமானால் காய்ச்சல் என்று நினைத்துப் பழகிய ஊருக்கு, மழை குறைந்தாலும் காய்ச்சல் வரும் என்பது கொடுமையான பாடம். எங்கள் சிற்றாறும் அப்படித்தான். சாரல் காலத்தில் அருவித் தண்ணீர் புரண்டு வரும்போது ஆற்றில் புழு தேடிப் பயனில்லை. சாரல் அடங்கி, குற்றாலத்தில் குளிக்க வந்த கூட்டம் ஊருக்குப் போன பிறகு, மணல் அள்ளின பள்ளங்களில் தண்ணீர் நிற்கும்போதுதான் கரண்டியோடு இறங்க வேண்டும்.

குற்றால மலையிலிருந்து இறங்கும் ஓடைகளின் கதை வேறு. புல் தொங்கும் ஓரங்களில் மெல்ல நகர்கிற சுத்தமான தண்ணீர்தான் புளுவியாடிலிஸ் என்ற இன்னொரு அனாபிலிஸுக்கு வேண்டும். வயநாடு முதல் தெற்கே மலையடிவாரம் நெடுகிலும் ‘மலைக்காய்ச்சல்’ என்ற பெயருக்கு இதற்குத்தான் பெரும்பங்கு. இதைப் பற்றி நான் அதிகம் எழுதப்போவதில்லை, ஏனென்றால் டிடிடிக்கு நன்றாகப் பணிந்த கொசு இதுதான்.

1953 ஏப்ரலில் தேசிய மலேரியாக் கட்டுப்பாட்டுத் திட்டம் தொடங்கியது. அப்போது ஆண்டுக்கு ஏழரைக் கோடிப் பேருக்குக் காய்ச்சல், எட்டு லட்சம் சாவு என்று மதிப்பிட்டிருந்தார்கள். 1958-ல் அது ஒழிப்புத் திட்டமாயிற்று. எங்கள் மாமா ஒருவர் அந்தக் காலத்தில் மருந்தடிக்கிற குழுவில் இருந்தார். வாளியில் நிறுத்திய பம்பைக் காலால் மிதித்துப் பிடித்து ஒருவர் அடிக்க, மற்றவர் நீளக் குழலோடு சுவரில் பீய்ச்சிக்கொண்டு போவார். அடித்து முடித்ததும் வாசல் சுவரில் அச்சுத் தகட்டை வைத்துத் தேதியைப் பதிப்பார்கள். வெள்ளையடித்த சுவரில் திட்டுத் திட்டாய்ப் பொடி படியும். அதனால் சண்டை. மாமா சொல்லிச் சொல்லிச் சிரிக்கிற ஒன்று உண்டு:

“ஏ தம்பி, சாமி ரூமுக்குள்ள அடிக்காதீய.”

“ஆச்சி, கொசுவுக்குச் சாமி ரூமு, சமையல் ரூமு எல்லாம் தெரியாதுல்லா.”

“அதுக்குத் தெரியாட்டா என்ன, எனக்குத் தெரியும்லா!”

கடைசியில் ஆச்சியே கூப்பிட்டு எல்லா அறைக்கும் அடிக்கச் சொன்னாளாம். முந்தின தடவை கட்டிலில் இருந்த மூட்டைப்பூச்சி மொத்தமும் செத்திருந்தது. ஊரை வளைத்தது அந்த மூட்டைப்பூச்சிதான், மலேரியா பிரசாரம் இல்லை என்பார் மாமா. சில ஆண்டுகளில் மூட்டைப்பூச்சி மருந்துக்குப் பழகிவிட்டது. உடனே கதவும் சாத்தப்பட்டது.

சுவரில் அடிக்கும் மருந்துக்குப் பின்னால் அழகான கணக்கு ஒன்று இருக்கிறது. இரத்தம் குடித்த கொசு கனத்துப்போய் அருகிலுள்ள சுவரில் உட்கார்ந்து செரிக்கும். இரண்டு மூன்று நாளைக்கு ஒருமுறை அதற்கு இரத்தம் வேண்டும். நோயாளியிடம் குடித்த கிருமி கொசுவுக்குள் முதிர்ந்து எச்சில் சுரப்பிக்கு வந்து சேரப் பத்து நாளுக்கு மேல் ஆகும். ஆகவே ஒரு கொசு நமக்குக் காய்ச்சலைக் கொடுக்கும் வயதை எட்டுவதற்குள் நாலைந்து முறையாவது வீட்டுக்குள் வந்து போயாக வேண்டும். ஒருமுறை தப்பினாலும் அடுத்த முறை சுவர் அதைப் பிடித்துக்கொள்ளும். எல்லாக் கொசுவையும் கொல்லத் தேவையில்லை, கிழடாக விடாமல் பார்த்தால் போதும். ஆய்வகத்தில் ஊசியால் கொசுவின் எச்சில் சுரப்பியைப் பிரித்து நுண்ணோக்கியில் வைத்துப் பார்க்கும்போதெல்லாம் இந்தக் கணக்கு எனக்கு நினைவுக்கு வரும்.

1965-ல் நாடு முழுவதும் மலேரியா ஏறக்குறைய ஒரு லட்சம் பேராகக் குறைந்தது. ஏழரைக் கோடியிலிருந்து ஒரு லட்சம். உலகத்தில் இப்படி ஒரு வெற்றி அபூர்வம். 1976-ல் அது 64 லட்சமாயிற்று. இலங்கையில் 1963-ல் 17 பேர் என்று எண்ணிச் சொல்லும் அளவுக்கு வந்தது, 1968-69-ல் லட்சக்கணக்கில் திரும்பியது. மருந்துத் தட்டுப்பாடு, பணத் தட்டுப்பாடு, ஆள் குறைப்பு என்று பல காரணம் சொல்வார்கள். எல்லாம் உண்மைதான். என் அபிப்பிராயம் ஒன்றும் உண்டு: வெற்றி கண்ணுக்குத் தெரிந்ததும் கொசுவைப் பார்ப்பதை நிறுத்திவிட்டார்கள். பம்பு போன இடத்துக்கெல்லாம் கரண்டி போகவில்லை. இத்தனைக்கும் எச்சரிக்கை நம் வீட்டு வாசலிலேயே வந்து நின்றது. ஈரோட்டு நகரத்தில் ஸ்டீபன்சி என்ற அனாபிலிஸ் கொசுவின் புழுக்கள் டிடிடிக்குத் தாக்குப்பிடிக்கின்றன என்று மூன்று தமிழ்நாட்டு ஆய்வாளர்கள் 1956-லேயே எழுதிவிட்டார்கள். ஒழிப்புத் திட்டம் தொடங்கியதே அதற்கு இரண்டு ஆண்டு கழித்து.

ஸ்டீபன்சி நகரத்துக் கொசு. கிணறு, தொட்டி, மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டி என்று சுத்தமான தண்ணீரில் வாழும். ஒழிப்புத் திட்டம் கிராமச் சுவர்களைக் கவனித்தபோது சென்னைக் கிணறுகளில் இது பாட்டுக்கு வளர்ந்தது. 1971-ல்தான் நகர மலேரியாத் திட்டம் என்று ஒன்றைத் தனியாகக் கொண்டுவந்தார்கள்.

1975-ல் புதுச்சேரியில் நோய்பரப்பும் பூச்சிகளுக்கான ஆய்வு மையமும், பிறகு மதுரையில் மருத்துவப் பூச்சியியல் ஆய்வு மையமும் வந்தபின் பார்க்கிற பழக்கம் மறுபடி உயிர்பெற்றது. ராமேசுவரம் தீவின் மலேரியாக் குட்டு அப்படித்தான் வெளிப்பட்டது. சவுக்குக் கன்றுக்கு நீர் ஊற்ற மணலில் தோண்டிய சிறு குழிகளில் குலிசிபேசிஸ் பெருகிக்கொண்டிருந்தது. அந்தத் தீவுக் கொசுவை நுணுக்கமாக ஆராய்ந்ததில், குலிசிபேசிஸ் என்று ஒரே பெயரில் நாம் அழைப்பது கண்ணுக்கு வித்தியாசம் தெரியாத பல இனங்களின் கூட்டம் என்பதும், ராமேசுவரத்தில் நோய் பரப்புவது அதில் ‘இ’ என்று பெயரிட்ட ஐந்தாவது இனம் என்பதும் 1999-ல் தெரியவந்தது. இவற்றில் ‘பி’ இனம் பெரும்பாலும் மாட்டோடு திருப்திப்படுகிற சாது. ஊரில் தொழு இருக்கும்வரை மாடு நமக்கு ஓரளவு காவல். இலஞ்சியில் இப்போது தொழு இருந்த இடங்களில் கார் நிற்கிறது.

இலங்கை 2016 செப்டம்பரில் மலேரியா இல்லாத நாடு என்று உலக சுகாதார நிறுவனத்தின் சான்று பெற்றது. தமிழ்நாட்டில் இன்று ஆண்டுக்குச் சில நூறு பேருக்குத்தான் வருகிறது, அதிலும் பெரும்பங்கு சென்னைக்கு. தென்காசி மாவட்டத்துப் பிள்ளைகளுக்குக் குளிர்காய்ச்சல் என்றால் என்னவென்றே தெரியாது. நல்லதுதான். ஆனால் நகரத்துக் கொசு என்று நாங்கள் ஒதுக்கிவைத்த ஸ்டீபன்சி 2012-ல் ஆப்பிரிக்காவின் ஜிபூட்டியில் கண்டுபிடிக்கப்பட்டு, எத்தியோப்பியாவுக்கும் பரவி, 2022-ல் டிரே டவா நகரத்தில் பெரும் காய்ச்சலை உண்டாக்கியது. அது குடியேற வேண்டியதெல்லாம் மூடாத தண்ணீர்த் தொட்டி ஒன்றுதான். இலஞ்சியில், மேலகரத்தில், குற்றாலத்து லாட்ஜுகளில் இன்று எத்தனை மொட்டைமாடித் தொட்டிகள்! நான் வேலையில் சேர்ந்தபோது ஊரில் விரல்விட்டு எண்ணலாம்.

அதனால் ஒரு வேண்டுகோள். இந்த ஞாயிற்றுக்கிழமை மாடிக்குப் போய்த் தொட்டியின் மூடியைப் பாருங்கள். வெடித்திருந்தால் மாற்றுங்கள், மாற்றும்வரை காடாத்துணி கட்டுங்கள். மிகைநீர் வழிகிற குழாயின் வாயிலும் வலை கட்டுங்கள், பெரும்பாலோர் மறப்பது அந்த வாய்தான். கொசு முட்டையிலிருந்து பறக்க ஒரு வாரம் பத்து நாள் ஆகும். ஆகவே வாரம் ஒருமுறை பார்த்தால் போதும். வெளியூர் போய்வந்து குளிரோடு காய்ச்சல் கண்டால் மாத்திரையை வாங்கி விழுங்கிவிடாமல் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரத்தம் பரிசோதித்துக்கொள்ளுங்கள். அதற்குக் காசு கிடையாது.